பச்சை 4417

எனக்குப் பச்சை நிறம் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. ஆசைப்பட்டுச் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது பாருங்கள்.

ரயில்வே பட்டறையில் பெயின்ட் பிரிவுக்கு நான் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடல் ரயில் சங்கத்துக்குச் செயலாளர். டயர் கடை மாடியில் பதினாறு அடி மேசை. அதன்மேல் மலை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் உண்டு. அங்கே ஓடும் ஒவ்வொரு குட்டி இன்ஜினும், அதன் அசல் எந்த நிறத்தில் ஓடியதோ அதே நிறத்தில் இருக்க வேண்டும். அசலின் ஃபோட்டோவைக் காட்டாமல் மேசையில் ஏற்றக் கூடாது. பொய்யாகச் சாட்சி சொன்னால் பதவியும் போகும், உறுப்பினர் அட்டையும் போகும். விதியை எழுதியவன் நான்.

வேறு வழியில்லை. மாடல் செய்யும் கம்பெனிக்காரர்கள் ஒரே அச்சில் வார்த்த இன்ஜினுக்கு வருடம் ஒரு புதுச் சட்டை மாட்டி விற்கிறார்கள். ஊதா, ரோஸ், போன வருடம் புள்ளி போட்டது ஒன்று. என் மனைவியின் தம்பி, பல் டாக்டர், ஒன்று விடாமல் வாங்குவான். "பாக்க அழகா இருக்குல்ல அத்தான், அது போதாதா?" என்பான். அவனுடைய ஊதா இன்ஜினை எல்லோர் முன்னாலும் நானே மேசையிலிருந்து இறக்கி அவன் கையில் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு 4417 என்று நம்பர் போட்ட மாடல் வெளியானது. கிளிப்பச்சை, ஆரஞ்சுப் பட்டை. படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டேன்: "இது நிஜம். நான் வேலைக்குச் சேந்த வருஷம் எங்க பட்டறைக்கு வந்துச்சு. என் கையால தொடச்சிருக்கேன்." ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சொல்லும்போது கண்முன்னால் தெரிந்தது. என் பேச்சை நம்பிச் சங்கமே வாங்கியது.

மச்சான் மட்டும் பெட்டியின் அடிப்பக்கத்தை, பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். பொடி எழுத்தில் 'கற்பனை வண்ணம்' என்று போட்டிருந்தது.

"அத்தான், ஃபோட்டோ?"

"வீட்ல எங்கயோ இருக்கு. தேடணும்."

"பொதுக்குழுவுக்குள்ள தேடிருங்க. விதி உங்களுக்கும்தான்."

பதினைந்து நாள் இருந்தது. இருபத்திரண்டு வருடம் அந்த மேசைக்குக் காவல் நின்றவன் நான். மச்சான் முன்னால் அட்டையைக் கழற்றிக் கொடுப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. உங்களிடம் ஒளிப்பானேன்.

கம்ப்யூட்டரில் நிறத்தை மாற்றி ஒரு ஃபோட்டோ செய்திருக்கலாம். அது மோசடி. அந்த வாரம் நீலம் அடிக்கச் சொல்லி ஒரு இன்ஜின் பட்டறைக்கு வந்திருந்தது. பச்சை அடித்தேன். ஆட்களிடம் மேலிடத்து உத்தரவு என்றேன். அப்படிச் சொன்னால் எங்கள் பட்டறையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒருவர் மட்டும், "மேலிடத்துல யாருக்குண்ணே கண்ணு தெரியல?" என்றார். நம்பர் வேறாக இருந்தது. அதையும் 4417 ஆக்கினேன். ஃபோட்டோ எடுத்து, நான்கு நாள் வெயிலில் போட்டுப் பழசாக்கினேன். அது பார்ப்பவர்களின் திருப்திக்காக.

அதோடு விட்டிருக்கலாம் என்கிறீர்கள். விதி 'ஓடிய நிறம்' என்கிறது, 'நின்ற நிறம்' என்று சொல்லவில்லை. அதனால் கையெழுத்துப் போட்டு வெளியே அனுப்பினேன்.

பொதுக்குழுவில் ஃபோட்டோ கைக்குக் கை மாறிப் போனது. மச்சான் எழுந்து மன்னிப்புக் கேட்டான்.

அசல் 4417 ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கட்டுப்பாட்டு அறையில் இரண்டையும் ஒன்றென்று நினைத்து வழி விட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டும் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வந்து, நாற்பது அடி இடைவெளியில் நின்றன. தொள்ளாயிரம் பயணிகள். யாருக்கும் அடியில்லை. நிறம் அவ்வளவு பளிச்சென்று இருந்ததால்தான் எதிரே வந்த டிரைவர் தூரத்திலேயே பார்த்து பிரேக் போட்டார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டிவியில் பச்சை இன்ஜினைப் பார்த்துவிட்டுச் சங்கத்தார் வரிசையாக போன் செய்து வாழ்த்தினார்கள். நான் சொன்னது நிஜம்தானாம். மச்சான் மட்டும் நேரில் வந்தான். முகம் வெளுத்திருக்கும் என்று நினைத்தேன். கையில் ஊதா இன்ஜினோடு நின்றான்.

"அத்தான், நான் மூச்சு விடமாட்டேன். பட்டறையில இதுக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்களேன்."

ஆமாம் ஐயா. அடித்தது நான், நம்பரை மாற்றியது நான், அனுப்பியதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மச்சானை மட்டும் அன்றைக்கே வாசலோடு அனுப்பிவிட்டேன். இல்லாத நிறத்தை இருந்ததாகக் காட்டச் சொல்கிற ஆளோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.