சிம்போவின் முதல் குவளை

ஐயா, என் மூலிகையைக் குடித்து யாருக்காவது வயிறு வலித்ததாகப் பேச்சே கிடையாது. அசுன்சியோன் சந்தையில் நிமியாவின் கடை எது என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள்.

பெனேகாஸ் பதினோரு வருடமாக என் வாடிக்கை. வானொலியில் கால்பந்து வர்ணனை செய்கிற அதே பெனேகாஸ்தான். அவரும் எங்களைப் போல ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்தவர். பெரிய வெள்ளத்தில் நாங்கள் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தபோது, விழுந்த கோலைக்கூடச் சொல்லாமல் எங்களுக்காக ஒலிபெருக்கியில் அழுதார். அன்றிலிருந்து அவர் படம் என் கடையில், மாதாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

போன மாதம் முகநூலில் எழுதினார்: ஆற்றங்கரைக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் திருவிழா, இலவசக் கூரைத் தகரம் கிடைக்கும், புல்டோசரை விட்டால்தான் திருந்துவார்கள். யாரோ அவர் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்றே நினைத்தேன். "ஐயா, இது நீங்கதானா?" என்று கீழே கேட்டேன். அவர் எழுதுவதை நான் இனிப் பார்க்கவே முடியாதபடி என்னைத் தடுத்துவிட்டார். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கிழிக்க மனம் வரவில்லை.

தடுப்பதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிட்டேன். அந்தப் பதிவுக்கு விழுந்த இதயக் குறிகளில் ஒன்று சிம்போவுடையது. சிம்போ அவருடைய கார் ஓட்டுநர், என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவன். அவன் மகளுக்கு நான்தான் ஞானத்தாய். முதலாளி காரிலேயே உறிஞ்சுகிற குளிர்ந்த தெரெரே பானத்துக்கு இடித்த மூலிகை வாங்கத் தினமும் அவன்தான் வருவான்.

"அதுக்குப் போய் இதயம் போட்டிருக்கியேடா. புல்டோசர் வந்தா உன் வீடும்தானே போகும்?"

"வாய் அவருது, வயிறு என்னுது. விடுக்கா. எலுமிச்சைப்புல்லைக் கொஞ்சம் கூடப் போட்டு இடி, நேத்து சப்புன்னு இருந்துச்சாம்."

சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை அவன் கேட்டபடியே எலுமிச்சைப்புல்லைக் கூடுதலாகப் போட்டேன். கசப்புத் தெரியக் கூடாதல்லவா. கூடவே, நாங்கள் விற்காத ஒரு வேரையும் இடித்தேன். பெனேகாஸுக்காகத்தான் ஐயா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் கேட்பது புரிகிறது. தெரெரேயில் முதல் குவளை எப்போதும் ஊற்றிக் கொடுப்பவனுக்குத்தான். அந்தக் காரில் ஊற்றுகிறவன் சிம்போ. ருசி சரியாக வரும்வரை இரண்டு மூன்று குவளை அவனேதான் உறிஞ்சுவான். இந்த நாட்டில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம், வந்தது. வந்தபோது பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்தேன். "கவனமா ஓட்டுடா தம்பி" என்றும் சொல்லி அனுப்பினேன்.

பெனேகாஸ் குவளையைக் கையில் வாங்கினாராம், குடிக்கவில்லையாம். தன்னைத் திட்டியவர்களுக்குத் தொலைபேசியில் பதில் எழுதிக்கொண்டிருந்தாராம். அதற்குள் சிம்போ ஸ்டீயரிங் மேல் சாய்ந்துவிட்டான்.

மறுநாள், எல்லோரும் மாரடைப்பு என்று நம்பிக்கொண்டிருந்தபோது, பெனேகாஸ் எழுதினார். ஆற்றங்கரையில் தானும் சிம்போவும் ஒரே சட்டியில் மீன் சாப்பிட்டு வளர்ந்ததையும், அந்த மக்களை இழிவாகப் பேசியதற்கு வெட்கப்படுவதையும் எழுதியிருந்தார். சிம்போவின் மகள் தன் தொலைபேசியில் காட்ட, படித்துத் தேம்பித் தேம்பி அழுதேன். பழைய பெனேகாஸ் எங்களிடமே திரும்பி வந்துவிட்டார். சிம்போ வீணாகப் போகவில்லை ஐயா.

படத்தை நேராகத் திருப்பி மாட்டினேன். சிம்போவின் மகள் என் மடியில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி, அந்தப் பதிவுக்கு ஓர் இதயம் போட்டேன்.