அரை மாத்திரை

— கை நடுக்கத்த எழுதிட்டேன். வேற சொல்லுங்க. நாளைக்கு மதுரை டாக்டர் முன்னால முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது.

— உறக்கம்?

— ‘ரெண்டு மணி நேரந்தான் உறங்குதாவ, விடியக்காலம் வேர்த்துக் கொட்டுது.’ எழுதியாச்சு. ஒரு மாத்திரைய அரை ஆக்குன மூணாம் நாள்ல இருந்துன்னும் போட்டுருக்கேன்.

— காலையில ஓங்கரிச்சிக்கிட்டு வருதே?

— அதும் இருக்கு. முந்தாநேத்து தட்ட வீசி எறிஞ்சதும் இருக்கு.

— அத ஏன் எழுதுன?

— கோவம் வருதான்னு கேட்டிருந்தாரே. எம்மேல படல. மீன் ஆணம்தான் சுவரெல்லாம். வாடகை ரூம்பு, கழுவி எடுக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

— இன்னும் ஒண்ணு இருக்கு ஹாஜரா. கண்ணுல தண்ணி வருது.

— குத்தாலத்துச் சாரக்காத்து. இப்பம் யாருக்குத்தான் வரல?

— ரூம்புக்குள்ள கெடந்தாலும் வருதுட்டி. நேத்து அருவிக்கரையில ஒரு பொம்பள தன் மவனுக்குத் தல துவட்டுதா. மீச முளைச்ச ஆளு அவன். பாத்ததும் எனக்குப் பொங்கிட்டு. ஆளுக பாக்கக் கூடாதுன்னு தண்ணிக்குள்ள தலையக் குடுத்து நின்னேன். எழுது. அதுக்கும் ஒரு மருந்து வச்சிருப்பாரு.

— இத எழுத வேண்டாம்.

— ஏன்?

— திரும்ப முழு மாத்திரை ஆக்கிருவாரு. இம்புட்டு நாள் பட்டது வீணாப் போவும்.

— ஆக்கட்டுமே. நாக்கு தடிச்சுக் கெடக்கும், தறியில உக்காந்தா இழை எங்கன அறுந்துச்சுன்னு தெரியாது. ஆனா மனசுல ஒண்ணும் தோணாது. நான் உம்மாவ நெனச்சுத்தான் அழுதேன்.

— தெரியும்.

— சீனாச் சண்ட நடந்த ஐப்பசியில மவுத்தானா. இப்பம் ஆனி. இன்னைக்குத்தான் எனக்கு அழுக வருது. அன்னைக்குக் கடையநல்லூரே எங்க வீட்டுல நின்னுது. யாக்கூப் அண்ணன் சுவத்துல முட்டி முட்டி அழுதான். நான் என்ன செஞ்சேன், சொல்லு.

— அதெல்லாம் இப்பம் எதுக்கு?

— சோறு ஆச்சான்னு கேட்டேன்.

— பசிச்சிருக்கும்.

— கபர்ல மூணு பிடி மண்ணு போட்டேன். கை போட்டுது. நான் அங்கன இல்ல. பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் என் தம்பியே இல்லன்னு பள்ளிவாசல் முன்னால வச்சு அண்ணன் சொன்னான். அன்னையில இருந்து பேச்சு இல்ல. அவன் சொன்னது சரின்னுதான் நானும் இருந்தேன். நோயி வந்து பாசத்தையே தின்னுட்டு போலன்னு.

— அப்படிச் சொல்லாதிய.

— பின்ன எப்படிச் சொல்ல? நான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கெடந்த ஆறு மாசமும் தென்காசியில ரயிலேறி வந்தவ அவ. உள்ள விடலன்னா கேட்டுக்கு வெளிய உக்காந்து பாத்துட்டுப் போவா. அப்படிப்பட்டவளுக்கு நான்... ஏட்டி, நீ ஏன் அழுத?

— அழல.

— நோட்டு நனையுது.

— அப்பம் உங்களுக்குக் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதான டாக்டர் சொன்னது?

— ஆமா. அதுக்கென்ன?

— மையித்த எடுக்கதுக்கு முன்னால ஊரே கூடி நிக்கி. பெருநாள் அன்னைக்குப் பள்ளிவாசல்ல வச்சு நீங்க சட்டையக் கிழிச்சுக்கிட்டுக் கத்துனது மாதிரி ஆயிருமோன்னு எனக்குப் பயம் புடிச்சிட்டு. திரும்பவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவாங்களோன்னு.

— என்னட்டி சொல்லுத?

— எட்டு மாசமா சொல்ல வாய் வரல. யாக்கூப் மச்சான் வந்தவங்க போனவங்ககிட்ட உங்கள ஏசும்போதெல்லாம் கதவுக்குப் பொறத்த நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க பாசத்த நோயி தின்னல. அன்னைக்குக் காலையில, யாரும் சொல்லாம நானாத்தான், கருப்பட்டிக் காப்பியில நாலு மாத்திரையப் பொடிச்சுக் கலக்கிக் குடுத்தேன்.