உச்சியில் கட்டிய காயில்

செவ்வாய்க்கிழமை காலை, மறைந்த மனைவியின் ஓய்வூதியக் கணக்கை முடிக்க, ஆம்பூரில் வேலூர் பேருந்து ஏறினேன். முன்னிருக்கையில் இரு கல்லூரி மாணவிகள். சுகந்தி என்பவளின் மடியில் முழ நீள ரேடியோ ஆன்டெனா; அதன் உச்சியில் செப்புக் கம்பிச் சுருள்.

"காயிலை உச்சியில கட்டிட்டியேடி. குட்டை ஆன்டெனாவுல கரண்ட் அடியிலதான் ஜாஸ்தி. மேல போகப் போகக் கம்மியாகி, நுனியில ஒண்ணுமே இல்ல. அங்க காயில் இருந்தும் வேஸ்ட்டு" என்றாள் மற்றவள்.

"இன்னாடி, இப்ப சொல்ற? இன்னிக்கு லேப்ல சிக்னல் போகலன்னா நான் பெயிலு."

"காயிலுக்கு மேல தகரத்தட்டு வெச்சா கரண்ட் மேல வரைக்கும் ஏறும்."

சுகந்தி பையைக் கிளறினாள். "அப்பாவோட ஷூ பாலிஷ் டப்பா இருக்கு. மூடி போதுமா?"

"போதும். பாலிஷ் காய்ஞ்சிட்டா உன் தோலை உரிச்சிடுவாரே."

"தோல் கம்பெனிக்காரரு. சுத்தமா உரிப்பாரு."

வேலூரில் இறங்கும்போது அவர்களுக்கு மீதமிருந்தவை: காட்பாடி பஸ் பிடிப்பது, மூடியின் பெயின்ட்டைச் சுரண்டுவது, சாலிடர் வைப்பது, சிக்னல் போனால் மட்டும் அப்பாவிடம் சொல்வது.