ஆளுநர் வரும் வரை

அன்று காலை ஆளுநருக்கு ஒரு சோடி றப்பர் சப்பாத்து வாங்குவதற்காகக் கல்முனையில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒன்பதாம் அளவு இலேசில் கிடைக்காது. கடைசியில் பஸ் நிலையத்தடியில் கிடைத்தது. கறுப்பு படத்தில் எடுபடாது என்று மஞ்சள் எடுத்தேன்.

நான் ஆளுநர் கனகசபாபதியின் இணைப்புச் செயலாளர். அதற்கு முன் பதினொரு வருடம் தமிழ் ஆசிரியர். அவர் இரண்டு தேர்தலில் தோற்ற பிறகு நியமனம் பெற்று ஆளுநரானவர். தேர்தலில் நிற்காமலே பாராளுமன்றம் போகும் தேசியப் பட்டியலில் அடுத்த முறை வந்தால் அமைச்சராகலாம் என்று கொழும்பில் சொல்லியிருந்தார்கள். அதற்கு அவர் சனங்களோடு நிற்கும் படங்கள் வேண்டும். நாலு நாளாக மழை விடவில்லை.

எங்கள் பக்கத்தில் மாரி வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தை வெட்டுவோம். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் மேட்டைப் பெக்கோ இயந்திரத்தால் கீறிவிட்டால் போதும். தண்ணீர் தானே வழியைப் பெருப்பித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். எப்போது வெட்டுவது என்று விவசாயிகளும் மீனவர்களும் அதிகாரிகளும் கூடி முடிவெடுப்பார்கள். அந்த வருடம் ஆளுநர் முன்னிலையில்தான் வெட்ட வேண்டும் என்று கடிதம் போனது. கையொப்பம் அவருடையது. யோசனை என்னுடையது.

விவசாயக் குழுவின் செயலாளர் என் தம்பி நஜீம். எட்டரைக்கு அழைத்தான்.

"காக்கா, தண்ணி வரம்புக்கு மேலால போகுது. பெக்கோ வந்து நிக்குது. ஒரு சொல்லுச் சொல்லுங்க, வெட்டுறம்."

ஆளுநர் மூன்று மணிக்கு வருவார், பொறுங்கள் என்றேன். பத்தரைக்கு மறுபடி அழைத்தான். வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, சனம் பள்ளிவாசலுக்கு ஏறுகிறது என்றான். அதே பதிலைச் சொன்னேன். பெக்கோக்காரரையும் அழைத்து, அனுமதி இல்லாமல் வெட்டினால் இனி அரச வேலை கிடைக்காது என்று மரியாதையாகச் சொல்லி வைத்தேன்.

ஒரு மணிக்கு மூன்றாம் அழைப்பு. சிரித்துக்கொண்டுதான் கதைத்தான்.

"உங்கட ஆளுநர் வந்து தண்ணிக்கும் கைலாகு குடுக்கப் போறாரோ? சரி காக்கா, நீங்க உங்கட வேலயப் பாருங்க. நாங்க மம்பட்டியால வெட்டுறம்."

போகாதே என்று சொல்லியிருக்கலாம். நாலு நாள் ஊறிய மேடு உள்ளே இளகியிருக்கும், உடைந்தால் மேலே நிற்பவனையும் இழுத்துக்கொண்டு போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆறு பேர் மம்பட்டியால் வெட்டினால் மூன்று மணிக்குள் முடியாது. ஆளுநர் வரும்போது வேலை பாதியில் இருக்கும். அவர் கையிலும் ஒரு மம்பட்டியைக் கொடுக்கலாம். அதை நினைத்து, கவனம் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு மணிக்கு மேடு உடைந்தது. ஐந்து பேர் ஓடிக் கரையேறினார்கள். நஜீம் ஏறவில்லை. மூன்று மணிக்கு ஆளுநர் வந்து கடலைப் பார்த்தபடி அழுதார். உண்மையாகவே அழுதார். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மையித்து கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுதோம். நான் முன் வரிசையில் நின்றேன்.

விசாரணைக்கு அறிக்கை கேட்டார்கள். யாரும் அனுமதி கேட்கவில்லை, குழுச் செயலாளர் தன் எண்ணப்படி களவாக வெட்டியதே விபத்துக்குக் காரணம் என்று எழுதினேன். மவுத்தானவனுக்கு இனிப் பதவி போகாது, உயிரோடு இருப்பவருக்குப் போய்விடும் என்பதுதான் என் நியாயம். பொலிஸ் இரண்டு தடவை அழைத்த பிறகு மற்ற ஐந்து பேரும் வாய் திறக்கவில்லை. நஜீமின் மனைவி நதீராவிடம் மட்டும், ஆளுநரிடம் நான் எவ்வளவோ சொன்னேன், அவர் கேட்கவில்லை என்றேன். உண்மையில் அந்த மூன்று அழைப்பும் ஆளுநருக்குத் தெரியாது. பயணத்தில் அவரைக் கரைச்சல்படுத்த நான் விரும்பவில்லை.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் நதீரா வந்தாள்.

"எனக்கு ஒண்டும் வேணா மச்சான். அவர் களவா வெட்டல்ல, கேட்டுப் பாத்துத்தான் போனார் எண்டு ஆளுநர் ஒரு கடிதம் தந்தாப் போதும். பள்ளிக்கூடத்தில புள்ளைகளக் கள்ளன்ட புள்ள எண்டு கூப்பிடுறாங்க."

விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். என் வாழ்நாளில் நான் எழுதியதில் அதுதான் நல்ல தமிழ். வாசித்துக் காட்டியபோது அவள் அழுதாள்; எனக்கும் கண் கலங்கியது. நாலாம் நாள் அது தபாலில் என் மேசைக்கே வந்தது. ஆளுநருக்கு வரும் தமிழ்க் கடிதங்களை உடைப்பது நான்தான். தேசியப் பட்டியல் வரவிருந்த மாதம் அது. கவனமாகப் பரிசீலித்ததாகவும், ஆவன செய்ய முடியாமைக்கு வருந்துவதாகவும் எட்டு வரியில் பதில் எழுதி, கையொப்பத்துக்குப் போகும் கட்டுக்குள் வைத்தேன். அவர் எதையும் வாசித்துக் கையொப்பமிடுபவர் அல்ல.

அந்தப் பதிலை நதீரா என்னிடமே கொண்டுவந்து நீட்டினாள்.

"நீங்க எழுதினது வடிவாத்தான் இரிந்திச்சி மச்சான். அந்தாள் அத வாசிச்சே இரிக்கமாட்டார்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கனகசபாபதி இப்போது அமைச்சர். புதிதாக வந்த ஆளுநருக்கு இந்தப் பக்கம் யாரையும் தெரியாது, என்னையே வைத்துக்கொண்டார். இந்த மாரிக்கும் முகத்துவாரம் வெட்டுவதென்றால் முதலில் அழைக்க வேண்டியது என்னுடைய இலக்கத்தைத்தான்.