நூற்றுக்கு நூறு வரவேற்பு போனஸ்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை யாரும் கடைசி வரி வரை படிப்பதில்லை. நான் படிப்பேன். டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் நம் ரூசே நகரத்து அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக அந்தத் தாள்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதுதான் என் வேலை. எல்லாம் கடுகு போன்ற எழுத்து. ஒரு புள்ளி இடம் மாறினாலும் யாராவது செத்துப்போகலாம் என்பதால் நிதானமாகப் பார்ப்பேன். என் கையில் அப்படி எதுவும் நடந்ததில்லை, மேடம்.

உங்கள் விசாரணைக் கோப்பில் என்னைச் சூதாடி என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் ஆடினேன், இல்லை என்று சொல்லவில்லை. அப்போது எதையும் படிக்காமல் ஆடினேன். என் மனைவி ராத்காவுக்கு அவள் அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டம் அதில் போயிற்று. ஆடக் கூடாதவர்கள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறதே, அதில் என் பெயரை ஏற்றினார்கள். அதன்பின் எந்த இணையச் சூதாட்டக் கம்பெனியும் எனக்குக் கணக்குத் திறக்காது. கையெழுத்துப் போட என்னைக் காரில் அழைத்துக்கொண்டு போனவர் என் சகலை வெல்கோ.

வெல்கோ என் மனைவியின் அக்காள் கணவர். டான்யூப் ஆற்றில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்காள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் கட்டிடத்திலேயே தரைத்தளத்தில் தனியாக இருந்தார். நாங்கள் ஐந்தாவது மாடி. அவருக்குச் சர்க்கரை வியாதி, மூட்டுகளும் போய்விட்டன. காலை ஏழரைக்கு ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராத்கா செய்து வைத்துவிட்டு வேலைக்குப் போகும் சாப்பாட்டை எட்டு மணிக்கு நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். மருந்து வாங்குவதும் நான்தான் என்பதால் அவருடைய அடையாள அட்டை என்னிடமே இருக்கும். எனக்கு அவரைப் பிடிக்கும். ஊரில் எனக்கு வேறு யாரும் சிரிப்பு மூட்டியதில்லை.

அவர் பெயரில் கணக்குத் திறந்தேன். நூறு லெவா போட்டால் இன்னொரு நூறு லெவா இனாம் என்று விளம்பரம். இனாமாக எவன் கொடுப்பான்? நிபந்தனைகள் நாற்பத்தோரு பக்கம். உட்கார்ந்து படித்தேன். இனாம் பணத்தை நாற்பது தடவை பந்தயத்தில் சுற்றவிட்ட பிறகுதான் ஒரு காசு வெளியே எடுக்கலாம். அதுவும் ஏழு நாளுக்குள். ஒரே பந்தயத்தில் ஐந்து லெவாவுக்கு மேல் வைத்தால் எல்லாம் ரத்து. சீட்டாட்டத்தில் வைத்தது பத்தில் ஒரு பங்குதான் இந்தக் கணக்கில் சேரும். படங்கள் சுழன்று நிற்கும் ஸ்லாட் ஆட்டங்களிலும் முப்பது சேராது; அந்த முப்பதின் பெயரும் இருபத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. ஆட்டக்காரன் இந்தக் குழிகளில் ஏதோ ஒன்றில் விழுவான் என்று நம்பித்தான் கம்பெனி நடக்கிறது. நான் ஒன்றிலும் விழவில்லை. ஆறாவது நாள் கணக்கில் ஆறாயிரத்து இருநூறு லெவா நின்றது.

அந்தப் பணத்தால் எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ராத்காவின் முன்னால் அதை வைத்து, பார், நான் முட்டாள் இல்லை என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பணத்தைக் கேட்டதும் திரையில் புதிதாக ஒன்று வந்தது. கணக்குக்கு உரியவர் கேமராவுக்கு முன் உட்கார்ந்து முகத்தைக் காட்ட வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குள். தவறினால் வென்றதெல்லாம் போய்விடும். இதுவும் முப்பத்தேழாம் பக்கத்தில் இருந்ததுதான். வெல்கோவுக்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். ஆனால் கீழே போய் அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொய் வரவில்லை.

"என்ன சகலை, வாயெல்லாம் பல்லா வர்றே? எவன் தலையில மிளகா அரைச்சுட்டு வர்றே?" என்றார்.

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என் பேர்லயாடா ஆடினே? அந்தப் புள்ளையோட தோட்டத்தை முழுங்கி ஏப்பம் விட்டியே, அது பத்தலையா?"

"இந்தத் தடவை நெஜமாவே ஜெயிச்சுட்டேன் அண்ணே. எல்லா ரூலையும் படிச்சு ஆடினேன்."

"யார் பேர்ல? என் பேர்லதானே? அப்ப ஜெயிச்சவன் நான். எனக்கு வேணாம்ங்கறேன். போ, அந்த எழவை மூடு."

"ரெண்டு நிமிஷம் கேமராவைப் பார்த்தா போதும் அண்ணே."

"ரெண்டு விநாடி கூடப் பார்க்க மாட்டேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ராத்காகிட்ட நீயே சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்லுவேன். உன்மேல இருக்கற பாசத்துலதான்டா சொல்றேன்."

அவர் பாசத்தில்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். சரி அண்ணே என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

மறுநாள் காலை ராத்கா பாலாடைக்கட்டி வைத்துச் சுடச்சுடப் பானிட்சா செய்து, "அத்தானுக்கு ஆறிடப் போகுது, சீக்கிரம் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். எட்டு மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அங்கே நின்றேன். ஒன்பதே கால் வரை நின்றேன். வேறு எதுவும் செய்யவில்லை.

அவர் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்தின் தாளை நான் மூன்று பதிப்புக்குத் திருத்தியிருக்கிறேன். ஊசிக்குப் பின் சாப்பாடு தாமதமானால் நடுக்கம், வியர்வை, பிறகு குழப்பம். அதே வரிசையில்தான் அச்சிடுவோம். குழம்பிய நிலையில் இருக்கும் மனிதர் வம்பு செய்யமாட்டார், உட்காரச் சொன்னால் உட்காருவார் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நிமிட வேலை. உடனே ஊட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றும் அதே தாளில் இருக்கிறது.

இரண்டு தடவை போன் செய்தார். "எங்கடா இருக்கே? கை உதறுது சகலை" என்றார். "வந்துக்கிட்டே இருக்கேன் அண்ணே" என்றேன். இரண்டாவது தடவை, "மேஜை டிராயர்ல குளுக்கோஸ் வச்சிருந்தேனே, காணலையே" என்றார். அது என் சட்டைப் பையில் இருந்தது. முந்தின நாள் கிளம்பும்போதே எடுத்துக்கொண்டேன். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் முழுதாகச் சொல்வதுதான் முறை.

நான் உள்ளே போனபோது அவர் சட்டை நனைந்திருந்தது. தட்டைப் பார்த்துக் கை நீட்டினார். ஒரு நிமிஷம் அண்ணே என்று தட்டை அலமாரி மேல் வைத்துவிட்டுக் கேமராவைத் திறந்தேன். முதல் தடவை முகம் வட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று நிராகரித்தது. இரண்டாவது தடவை வெளிச்சம் போதவில்லை என்றது. திரைச்சீலையை விலக்கி, நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். இடப்பக்கம் திரும்புங்கள் என்றால் திரும்பினார். வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். கடைசியில் ஒரு கேள்வி வந்தது. இந்தக் கணக்கு உங்களுடையதா, இந்தப் பணத்தை உங்கள் விருப்பத்தோடு பெறுகிறீர்களா? நான் வாசித்தேன். அவர் தலையை அசைத்தார். ஒன்பது நாற்பத்தெட்டுக்குத் திரை பச்சையாயிற்று.

உடனே தட்டை எடுத்தேன். அதற்குள் அவரால் மெல்ல முடியவில்லை. குளுக்கோஸைக் கரைத்து ஊற்றினேன். கடைவாய் வழியாக வெளியே வந்துவிட்டது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான், அது உங்கள் பதிவிலும் இருக்கும். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கண் விழிக்காமலே இறந்துபோனார். அந்த நான்கு நாளும் ராத்கா அவர் காலடியில் உட்கார்ந்து, "சாப்பாடு லேட்டாச்சா? என்னைக்கும் போலத்தானே கொண்டு போனீங்க?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். என்றைக்கும் போலத்தான் என்று சொன்னேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாவது நாள் பணம் வந்தது. ஐநூறு லெவா. போனஸால் வென்றது எவ்வளவானாலும் இனாம் தொகையைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தரமாட்டார்களாம். அந்த வரி நாற்பத்தோரு பக்கத்திலும் இல்லை. விளம்பரப் பக்கத்தின் அடியில், தனியாக ஒரு இணைப்பைத் தொட்டால் திறக்கும் இன்னொரு பக்கத்தில் இருந்தது. மூன்று தடவை சரிபார்த்தேன். அவர்கள் செய்தது நியாயமே இல்லை, மேடம். இதைப் பற்றியும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

எங்கோ ஒரு தீவிலிருந்து கம்பெனி உங்களுக்கு அனுப்பிய கடிதத்தை வாசித்துக் காட்டினீர்கள். வாடிக்கையாளர் தலையசைத்துச் சம்மதம் தெரிவித்தார் என்று எழுதியிருக்கிறார்கள். எந்தப் பக்கமாக அசைத்தார் என்று கேட்டீர்கள். மேலும் கீழுமாக. அந்தத் தீவில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். நம் ஊரில் ஆமாம் என்றால் பக்கவாட்டில்தானே ஆட்டுவோம். மேலும் கீழும் ஆட்டினால் மாட்டேன். மயக்கத்தில் தலை தொங்கி ஆடியது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன், அது சரியில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு, 'ச்சு' என்று நாக்கைத் தட்டியபடிதான் அசைத்தார். படம் கொஞ்சம் கலங்கிவிட்டதால் மறுபடியும் கேட்டேன். மறுபடியும் மாட்டேன் என்றார், இந்தத் தடவை தெளிவாக விழுந்தது.