சின்னக் காகிதத்துக்கு முதல் இடம்

மேடையில் வீற்றிருக்கும் கமிஷனர்களே, மரியாதைக்குரிய போதகர் அவர்களே, கோதுமை அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்தக் கோர்ட் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெல்ஃபோர்டு கவுண்டி மக்களே! உங்கள் கவுண்டி கிளார்க் நெட்டி குரோவரின் வணக்கம்.

எனக்கு முன்னால் கிளார்க் நாற்காலியில் இருந்த இடெல்லா ரக்கர் அம்மையார் மறைந்துவிட்டார். நான் அழுது பேச வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பீச் பழக் கேக்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போனவர் அவர். அப்படியொரு சாவு எனக்கும் வாய்க்கட்டும்!

நான் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த காலத்தில் கிளார்க்குக்குச் சம்பளம் உண்டா? கிடையாது! பத்திரம் பதிய, கல்யாண லைசென்ஸ் வாங்க, நாய்க்கு லைசென்ஸ் வில்லை வாங்க மக்கள் கட்டுகிற கட்டணம்தான் அவருக்கு வருமானம். அடுப்புக் கரி, தபால்தலை, என் கூலி எல்லாம் அதிலிருந்துதான். மிஞ்சினால் அவருக்கு. மழை பொய்த்த வருஷத்தில் யார் நிலம் வாங்குவார்கள்? யார் கல்யாணம் செய்வார்கள்? நாய்கள் மட்டும்தான் எங்களைக் கைவிடவில்லை! அந்தக் குளிர்காலத்தில் அம்மையார் என் கூலியை நீட்டினார். "உங்களுக்கு எங்கம்மா?" என்று கேட்டேன். "என் வீட்டுல உருளைக்கிழங்கு கெடக்கு. வாய மூடிக்கிட்டு வாங்கு" என்றார். வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஆற்றுக்கு வடக்கே எண்ணெய் கண்டுபிடித்தார்கள். அடடா, எத்தனை தொப்பிகள், எத்தனை சுருட்டுகள்! கம்பெனி ஆட்கள் குத்தகைப் பத்திரங்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து எங்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு பத்திரத்துக்கும் கட்டணம், அத்தனையும் அம்மையாருக்கே. வேறொருவராக இருந்தால் புதுக் கார் வாங்கியிருப்பார்.

ஒருநாள் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த பையனும் அவன் கல்யாணம் செய்யவிருந்த பெண்ணும் லைசென்ஸுக்காகக் காலையிலேயே வந்து நின்றார்கள். அவர்கள் முறை வரும்போதெல்லாம் ஒரு பெரிய கட்டு முன்னால் வந்தது. மத்தியானம் பார்த்தால் இருவரையும் காணோம். அன்று பையன் ரயிலேறிவிட்டான், கல்யாணம் ஆகாமலே. அடுத்த லீவில்தான் நடந்தது.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பாத்தியா நெட்டி? நான் யாரையும் முந்தவிடணும்னு நெனைக்கவே இல்ல. என் கை தானா பெரிய கட்டுக்குப் போகுது. என் சோறு அங்கதானே இருக்கு!"

அந்த வாரமே கமிஷனர்கள் முன் போய் நின்றார். "கட்டணம் பூராவும் கவுண்டி கஜானாவுக்குப் போகட்டும். எனக்கு ஒரு சம்பளம், ஆபீஸ் செலவுக்கு ஒரு தொகை. அது போதும்."

இதோ, மேடையில் இருக்கிறாரே நம் ஆர்வெல் டக்கெட், அன்றும் இவர்தான் கமிஷனர். ஆர்வெல், நீங்கள் சொன்னதைச் சொல்லிவிடட்டுமா? "ஏம்மா இடெல்லா, பணம் கொட்டுற நேரத்துல சம்பளம் கேக்குறியே, எண்ணெய் வத்தப்போகுதுன்னு யாராவது உன் காதுல போட்டாங்களா? நஷ்டத்த எங்க தலையில கட்டப் பாக்குறியா?"

சூது என்று நினைத்துவிட்டார்கள்! கமிஷனர்கள் மூன்று பேரும் முடியாது என்றார்கள்.

அம்மையார் கோபித்தாரா? இல்லை. "நீங்க குடுக்கலன்னா நானே குடுத்துக்கிறேன்" என்றார். தாம் கேட்ட சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். இன்னொரு உதவியாளரை வைத்து, ஒற்றைக் காகிதத்தோடு வருகிறவர்களுக்கென்று தனி ஜன்னல் திறந்தார். வருஷக் கடைசியில் மிச்சத்துக்கெல்லாம் ஒரே செக் எழுதி இவர்கள் மேஜையில் வைத்தார்.

ஆர்வெல் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்னம்மா வில்லங்கம்?"

"வில்லங்கம் ஒண்ணுமில்ல ஆர்வெல். மழை பெஞ்சா உன் வழுக்கையில சொட்டுதே, அந்தக் கூரைய மாத்து."

அன்று மாலைக்குள் சம்பளத் தீர்மானம் நிறைவேறியது. இன்று நாம் நனையாமல் உட்கார்ந்திருப்பதும் அந்தக் கூரைக்குக் கீழேதான்.

எண்ணெய் பிறகு வற்றத்தான் செய்தது. கட்டணத்தை நம்பியிருந்த பக்கத்துக் கவுண்டிகளில் ஆபீஸை வாரத்தில் பாதி நாள் பூட்டினார்கள். நம் ஜன்னல் ஒருநாளும் மூடவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மையார் ஓய்வு பெற்றார். அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில் கடைசிவரை இருந்தது.

கமிஷனர்களே, அடுத்த மாதம் பட்ஜெட்டோடு வருகிறேன். அம்மையார் மாதிரியே பிடிவாதமாக நிற்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்! உங்கள் பிரிய இடெல்லா ரக்கர் திறந்த அந்தச் சின்ன ஜன்னல், நான் இந்தப் பதவியில் இருக்கும்வரை திறந்தே இருக்கும். இது என் சத்தியம்.

இன்னும் பேசுவதாகத்தான் இருந்தேன். ஆனால் கடைசி பெஞ்சில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் நீங்கள் இருவரும் துக்கத்துக்கு வந்தவர்கள் இல்லையே? கையில் பூங்கொத்து இருக்கிறது. லைசென்ஸுக்கு வந்து, கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்கிறீர்கள், சரிதானே?

எழுந்து வாங்க கண்ணுகளா. போதகர் ஜெபத்தை ஆரம்பிக்கட்டும். நான் கீழே போய் ஜன்னலைத் திறக்கிறேன்.