குறிப்பையே வைத்துக்கொள்ளவா?

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சந்தனம், நுங்கு, பவுடர் என்று போடாததில்லை, எதற்கும் அடங்காது. வக்கீல் சார், நீங்கள் சைதாப்பேட்டை கோர்ட் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு எங்கள் கம்பெனி விசாரணைக்காக வந்திருக்கிறீர்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். ஒன்றுவிடாமல் என்றால் இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதினேன். மற்றபடி விசாரணைக்கும் வேர்க்குருவுக்கும் பெரிய சம்பந்தமில்லை.

என் பெயர் ஸ்ரீவத்சன். வயது நாற்பத்திரண்டு. வீடு மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில். பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கும் இந்தக் கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் இங்கே எனக்கு மேல் யாரும் கிடையாது. முதலாளி ரகுபதி வியாபாரம் தெரிந்தவர். மெஷினைத் தூசு தட்டக்கூடப் பயப்படுவார்.

இந்தத் தொண்ணூற்றைந்தாம் வருடம் பிப்ரவரியில் பம்பாயிலிருந்து ஒரு வேலை வந்தது. கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றுக்கு ஒரு மெஷினைத் தயார்செய்து அனுப்ப வேண்டும். அதில் ஒரு குறிப்பிட்ட புரோகிராம் மொழி ஓட வேண்டும். அதற்கு அந்த மொழியின் இன்டர்பிரட்டர் தேவை. எழுதியிருப்பதை வரி வரியாகப் படித்து மெஷினை வேலை வாங்கும் புரோகிராம் அது. அது தைத்த சட்டையாக வராது. துணியாக வரும். ஒவ்வொரு மெஷினின் அளவுக்கும் நாம்தான் தைத்துக்கொள்ள வேண்டும். பம்பாய்க்காரர்கள் அனுப்பியிருந்ததோ அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு வகை யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும் பழைய மெஷின்.

தைப்பதற்கு முன்னால் அளவெடுக்கும் ஒரு கட்டம் உண்டு. திரையில் இருநூறுக்கு மேல் கேள்விகள் வரும். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை கேட்பதுபோல ஒன்று விடாமல் கேட்கும். இந்த மெஷினில் அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று தானே தேடிப் பார்த்துவிட்டும் கேட்கும். கூடவே குறிப்புக் கோப்பு என்று ஒன்று. இந்த யூனிக்ஸில் இன்னது உண்டு, இன்னது கிடையாது என்று விவரம் தெரிந்தவர் முன்கூட்டியே எழுதிவைப்பது. அதை நான் எழுதினேன்.

அந்தக் குறிப்பில் ஒரு தவறு இருந்தது. கோப்புகளைப் பூட்டிவைக்கும் ஒரு வசதி இந்த மெஷினில் உண்டு என்று எழுதிவிட்டேன். உண்மையில் கிடையாது. மனிதர்கள் தவறு செய்வது சகஜம். அதை ஏப்ரல் பதினேழாம் தேதி மாலை கண்டுபிடித்தும் விட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

தவறின் விளைவு இதுதான். கேள்வி கேட்கும்போது மெஷின் தானே தேடிப் பார்த்து, அந்த வசதி இல்லை என்று தெரிந்துகொள்ளும். ஆனால் குறிப்பு உண்டு என்கிறதே. உடனே ஒரு சங்கடம் அதற்கு வந்துவிடும். மரியாதையாக ஒரு கேள்வி போடும்: நான் பார்த்தவரை இல்லை, குறிப்பில் உண்டு என்றிருக்கிறது, குறிப்பையே வைத்துக்கொள்ளவா? பேசாமல் என்டரைத் தட்டினால் ஆமாம் என்று அர்த்தம். தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுப் பெரியவர் சொன்னதை எடுத்துக்கொண்டு மேலே போகும். அதன்பின் ஐந்தரை மணி நேரம் துண்டு துண்டாகத் தைத்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் இடத்தில், இல்லாத அந்த வசதியைத் தேடிக் கிடைக்காமல் நின்றுவிடும்.

மெஷினுக்காக ரகுபதி ஓர் அறையை அடைத்து, ஏசி ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் போட்டிருந்தார். அலுவலகத்தில் மற்ற எல்லோருக்கும் மின்விசிறிதான். வேலை ஓடும்போது மட்டும் அதைக் கவனிக்கிற ஒருவர் உள்ளே இருக்கலாம் என்பது விதி. மெஷின் பம்பாய்க்குப் போனால் ஏசியும் வாடகைக்காரரிடம் போய்விடும். இவை பொதுவான தகவல்கள்.

பதினேழாம் தேதி மாலை அந்த ஏசி அறையில் குறிப்பைத் திருத்த உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் முதுகு அரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது.

எஸ்தரைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டினப்பாக்கத்துப் பெண். அவள் அம்மா லூர்துமேரி அடையாறில் ரகுபதி வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுபோய்க் கொடுப்பவர். அந்தப் பழக்கத்தில், டிப்ளமா முடித்த பெண்ணுக்கு வேலை கேட்டு வாங்கியவரும் அவர்தான். அப்பா வேதநாயகம் கைமுறிந்து கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். எஸ்தருக்கு ஆறு மாதப் பயிற்சி. மே முப்பத்தொன்றாம் தேதிக்குள் இந்த மெஷினை ஓடவைத்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று ரகுபதி சொல்லியிருந்தார். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல நான் தயாரில்லை.

காலையில் கேள்விகளுக்குப் பதில் தட்டுவது அவள் வேலை. உள்ளே உட்கார்ந்து கவனிப்பது என் வேலை. மூன்றாவது நாளே அவள் கேட்டுவிட்டாள்.

"சார், இந்த ஒரு கேள்வில மட்டும், தேடிப் பாத்தேன் இல்லன்னு அதுவே சொல்லுது. குறிப்புல இருக்குன்னு போட்டிருக்கு. நோன்னு குடுக்கட்டா?"

குறிப்பை எழுதியது யார் என்று கேட்டேன். நீங்கதான் சார் என்றாள். நான் வேறெதுவும் சொல்லவில்லை. அவளாகவேதான் என்டரைத் தட்டினாள். கட்டாயப்படுத்தினேன் என்று குற்றப்பத்திரிகையில் இருப்பதை நீக்கிவிட வேண்டுகிறேன்.

தினமும் மாலை நான்கு மணிக்கு மெஷின் நிற்கும். நின்ற இடத்திலிருந்து கொஞ்சம் சரிசெய்து தொடர்ந்தால் பத்து நிமிட வேலை. அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் மடித்துணியின் மேல் கைபட்டால் மறுபடி நனைத்துத்தான் ஆக வேண்டும். அதே சுத்தத்தை இங்கேயும் கொண்டுவந்தேன். தோற்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று விதி போட்டேன். என் ஒழுங்கை ரகுபதி மெச்சினார்.

கத்திரி வெயில் வந்தது. கூடத்தில் எல்லோரும் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் என் மனைவி ஜலஜா எனக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, "இந்த வருஷம் உங்க முதுகுல ஒரு பொட்டு வேர்க்குரு இல்லையே, கபாலி கண்ண தொறந்துட்டான்" என்றாள். வெள்ளிக்கிழமை ஒரு தேங்காய் உடைத்தோம்.

மே மாதம் இருபத்தைந்து, இருபத்தாறு இரண்டு நாளும் என் மைத்துனன் பிள்ளைக்குப் பூணூல். லீவு போட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு எஸ்தர் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். சைக்கிளில் வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. அந்தக் கேள்விக்கு நோ என்று கொடுத்தாளாம். முழுசாகத் தைத்து முடித்துவிட்டதாம். எல்லாச் சோதனையும் பாஸாம். சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது.

ரகுபதிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"இன்னும் சொல்லல சார். நீங்க பெரியவங்க, நீங்கதான் சொல்லணும். நான் முந்திக்கினு சொன்னா நல்லாருக்காது."

ஜலஜா அவளுக்குப் பூணூல் பட்சணம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். நல்ல பெண் என்று அவள் போனபின் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். உண்மையாகவேதான் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கே அலுவலகம் போனேன். நான் இல்லாதபோது குறிப்பை மீறிச் செய்த வேலை மெஷினில் கிடந்தது. விதிப்படி துடைத்தேன். முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்து, அந்த இடத்தில் என்டரைத் தட்டினேன். ஏசி நன்றாகக் குளிர்ந்தது.

நேற்று ஓடியது என்று எஸ்தர் ரகுபதியிடம் சொன்னாள். அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். மெஷினில் அப்படி எதுவும் இல்லையே என்றேன். நீங்களே யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் அனுமதியில்லாமல் அமைப்பை மாற்றியதையும் கடமைக்காகச் சேர்த்துச் சொன்னேன். எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. முப்பத்தொன்றாம் தேதி அவளை அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் கேள்விகளுக்கு நானே பதில் தட்டினேன். வேலைப்பளு கூடியதைப் பற்றி யாரிடமும் குறை சொல்லவில்லை.

மெஷின் ஓடி முடிந்த அந்த வெள்ளிக்கிழமை எஸ்தர் சோதனை முடிவை அச்செடுத்திருக்கிறாள், வீட்டில் காட்டுவதற்காம். என் கையெழுத்து இல்லாமல் பிரிண்டர் தாள் எடுக்கக் கூடாது என்பதும் நான் போட்ட விதிதான். அதனால் தாள் எடுத்த குற்றமும் சேருமோ என்று பயந்து, தன் வேலை போகும்போதுகூட அதை வெளியே காட்டவில்லை. விதிக்கு இவ்வளவு கட்டுப்பட்ட பணியாளரை நான் பார்த்ததில்லை.

ஜூன் இருபதாம் தேதி லூர்துமேரி ரகுபதி வீட்டுக்கு வஞ்சிரம் கொண்டுபோனார். மீனை அந்தத் தாளில்தான் சுற்றியிருந்தார். ரகுபதி வீட்டு அம்மாள் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

"எம்பொண்ணு தப்பு பண்ணிச்சுன்னு அனுப்ச்சிட்ட சார். பரவால்ல. எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல இன்னா எழுதிகீதுன்னு நீயே படிச்சுச் சொல்லிடு, நான் போய்க்கினே இருக்கேன்."

மே இருபத்தாறு, மாலை நான்கு பதினைந்து, எல்லாச் சோதனைகளும் வெற்றி என்று எழுதியிருந்தது. உங்களிடம் முதல் சான்றாக இருப்பது அந்தத் தாள்தான். நேற்று நீங்கள் நீட்டியபோது நான் அதைத் தொடவில்லை. குற்ற உணர்ச்சி என்று குறித்துக்கொண்டீர்கள். மீன் வாடை, அவ்வளவுதான்.

மறுநாளே எஸ்தரை வரவழைத்தார்கள். ரகுபதி, நான், அலுவலகம் முழுதும் அந்தச் சின்ன அறையில் நின்றோம், ஏசி போதவில்லை. அவள் பதில் தட்டிக்கொண்டே வந்தாள். அந்தக் கேள்வி வந்தது. நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சார், நோன்னு குடுக்கட்டா?"

குத்திக்காட்டினாளா, பழக்கத்தில் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பெரியவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முதுகில் முள் முள்ளாகக் குத்த ஆரம்பித்தது.

"குடும்மா" என்றேன்.

நீங்கள் கேட்கும் ஒப்புதல் அதுதான், வக்கீல் சார். இதற்கு மேல் எழுத வேண்டுமென்றால் எழுதுகிறேன். ஏப்ரல் பதினேழிலிருந்து ஜூன் இருபதுவரை, ஞாயிறும் லீவும் போக, தோற்கும் என்று தெரிந்தே அந்த மெஷினை ஓடவிட்டேன். ஓடி முடிந்த ஒரே ஒரு நாளின் வேலையையும் என் கையால் துடைத்தேன். அதற்கு எஸ்தரின் வேலை போகும் என்று தெரிந்தே துடைத்தேன். அவளுக்காவது பட்டினப்பாக்கத்தில் சாயங்காலமானால் கடல்காற்று இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டதும் உண்மை.

அன்று மாலையே இன்டர்பிரட்டர் ஓடியது. எஸ்தருக்கு வேலை நிரந்தரமாகி, என் மேஜையும் அவளுக்குப் போய்விட்டது. மெஷின் பம்பாய்க்குப் போனது. ஏசியைக் கழற்றிய ஓட்டையில் அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். இதைக் கூடத்தில், மின்விசிறியின் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். சட்டை நனைந்து தாளில் ஒட்டுகிறது; எழுத்து கலைந்திருந்தால் மன்னிக்கவும்.

சுயநலத்தால் செய்தேன் என்று மட்டும் தீர்ப்பெழுத வேண்டாம். அந்த அறையில் நாற்காலிகள் இரண்டு இருந்தன. ஒரு நாளும் நான் எஸ்தரை வெளியே போ என்று சொன்னதில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போம்மா, குளிர் வீணாகிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.